வீட்டில் ஒரு மியூசிக் சர்வர் அமைப்போம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் ‘எதற்காக வாங்கினீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் படிப்பு, அலுவலக வேலை, இன்டர்நெட் என்று பதில் வரும். பாட்டுக் கேட்பதற்காக என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் உங்கள் வீட்டு அலமாரியில் ஐம்பது சிடிக்களும் நாலைந்து கேசட்டுகளும் இருந்தால், கம்ப்யூட்டர் செய்யக்கூடிய மிக நல்ல வேலைகளில் ஒன்று அவற்றைக் காப்பாற்றுவதுதான். அதோடு நின்றுவிடாமல், வீட்டின் எந்த அறையிலிருந்தும் நல்ல தரத்தில் அவற்றைக் கேட்கவும் வைக்கலாம். அதற்கான ஏற்பாட்டைத்தான் மியூசிக் சர்வர் என்கிறோம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பழைய லேப்டாப் ஒன்றும் சில ஞாயிற்றுக்கிழமைகளும் போதும்.

எப்படிச் செய்வது என்று சொல்வதற்கு முன், எப்படிச் செய்யக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதை நானே செய்திருக்கிறேன்.

நான் செய்த தவறு

2015-ல் இன்ஜினியரிங் முதலாம் ஆண்டு படித்துக் கொண்டிருந்தேன். அப்பாவிடம் சுமார் 180 சிடிக்கள் இருந்தன. மாதச் சம்பளம் வாங்கியதும் ஒன்று, போனஸ் வந்தால் இரண்டு என்று சேர்த்தவை. விடுமுறையில் அத்தனையையும் 128 கிலோபிட் எம்பி3 ஃபைல்களாக மாற்றி ஒரே ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் போட்டேன். ‘எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குப்பா, இனிமே இந்தப் பெட்டியெல்லாம் எதுக்கு?’ என்று கேட்டேன். 2016 போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது சிடிக்கள் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போயின. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது சிடிக்களை மட்டும் எடுத்துத் தன் பீரோவில் வைத்துக் கொண்டார்.

2018-ல் அந்த ஹார்ட் டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட ஆரம்பித்தது. இரண்டு நாளில் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்வதையே நிறுத்திவிட்டது. டேட்டா ரெக்கவரி கடையிலும் கைவிரித்து விட்டார்கள். போனவற்றில் ஒன்று கடையில் வாங்கவே முடியாதது. 1994-ல் அப்பா அம்மா கல்யாணத்தில் வாசித்த நாதஸ்வரக் கச்சேரியின் பதிவு. கேசட்டிலிருந்து சிடியாக மாற்றி வைத்திருந்தோம். அந்த சிடியும் எடைக்குப் போய்விட்டது.

நான் செய்தது மூன்று தவறுகள். தரத்தைக் குறைத்துப் பதிவு செய்தது முதல் தவறு. ஒரே ஒரு பிரதி வைத்திருந்தது இரண்டாவது. மூலத்தைத் தூக்கிப் போட்டது மூன்றாவது. நல்ல மியூசிக் சர்வர் என்பது விலை உயர்ந்த கருவி அல்ல, இந்த மூன்று தவறுகளையும் செய்யாமல் இருப்பதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு தொடர்வோம்.

மியூசிக் சர்வர் என்றால் என்ன?

இதில் மூன்று பகுதிகள் உள்ளன.

1. பாட்டு ஃபைல்கள் இருக்கும் கம்ப்யூட்டர். இதுதான் சர்வர்.

2. அந்தப் பாட்டை வாங்கி ஒலியாக மாற்றும் பிளேயர். சர்வர் கம்ப்யூட்டரே பிளேயராகவும் இருக்கலாம். வேறு அறையில் உள்ள இன்னொரு கம்ப்யூட்டராகவோ ராஸ்பெரி பை போன்ற சிறு போர்டாகவோ இருக்கலாம்.

3. எந்தப் பாட்டு வேண்டும் என்று தேர்ந்தெடுக்க உதவும் ரிமோட். இதற்கு உங்கள் செல்போனே போதும்.

மூன்றும் உங்கள் வீட்டு வைஃபை ரூட்டர் மூலம் பேசிக் கொள்கின்றன. பாட்டு உங்கள் வீட்டிலேயே இருப்பதால் இன்டர்நெட் இணைப்பு அறுந்தாலும் பாட்டு நிற்காது.

‘அதான் செல்போனில் எல்லாப் பாட்டும் கிடைக்கிறதே?’ என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்கிறது. ஆனால் அந்தப் பாட்டு உங்களுடையது அல்ல. உரிம ஒப்பந்தம் முடிந்தால் ஒருநாள் அது பட்டியலிலிருந்து காணாமல் போகும். நீங்கள் சிடியில் கேட்டுப் பழகிய பதிவுக்குப் பதிலாக, பின்னாளில் ஒலியைக் கூட்டிய வேறொரு பதிவு இருக்கும். உங்கள் வீட்டுக் கல்யாணக் கேசட் எந்த நிறுவனத்திடமும் இருக்காது.

என்னென்ன தேவை?

கம்ப்யூட்டர்: புதிய கம்ப்யூட்டர் வந்ததும் ஓரமாகப் போன பழைய லேப்டாப் இதற்கு மிகவும் ஏற்றது. மின்சாரமும் குறைவு. 15 வாட் எடுக்கும் லேப்டாப் 24 மணி நேரமும் ஓடினால் மாதத்துக்குச் சுமார் 11 யூனிட் ஆகும். 60 வாட் எடுக்கும் டெஸ்க்டாப் என்றால் 43 யூனிட். இரண்டு மாத மின்கட்டணத்தில் இந்த வித்தியாசம் தெரியும். லேப்டாப்பின் பேட்டரி மின்வெட்டின்போது யூபிஎஸ் போல உதவும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் உடனே கழற்றி விடுங்கள், அது ஆபத்து. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறவில்லை என்றால் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொள்ளலாம். சர்வர் சாப்ட்வேர் லினக்ஸிலும் ஓடும்.

சிடி டிரைவ்: இப்போதைய லேப்டாப்புகளில் இது இருப்பதில்லை. யுஎஸ்பி-யில் செருகும் எக்ஸ்டர்னல் டிரைவ் தனியாகக் கிடைக்கிறது.

ஹார்ட் டிஸ்க்: குறைந்தது இரண்டு. ஏன் இரண்டு என்பது உங்களுக்கே தெரியும்.

இவை தவிர ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர். வீட்டில் ஏற்கெனவே உள்ள ஸ்டீரியோவே போதும். யுஎஸ்பி டாக் என்ற சிறு கருவியும் தேவைப்படலாம். அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

எம்பி3 போதாதா?

ஆடியோ சிடியில் ஒரு விநாடி ஒலி 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட். இடது, வலது என இரண்டு சேனல்கள். பெருக்கிப் பாருங்கள்: 44,100 x 16 x 2 = 14,11,200. அதாவது விநாடிக்கு 1,411 கிலோபிட். நான் செய்த 128 கிலோபிட் எம்பி3 அதில் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்குதான். மீதியை எம்பி3 தூக்கிப் போட்டு விடுகிறது. காது கவனிக்காது என்று கணக்குப் போட்டுத்தான் தூக்கிப் போடுகிறது. ஆனாலும் 128-ல் பல என்கோடர்கள் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை வெட்டிவிடும். தாளத்தின் ‘ஜல்’ என்ற ஓசையும் கஞ்சிராவின் சலங்கையும் மழுங்கிப் போவது இதனால்தான்.

320 கிலோபிட் எம்பி3 வைத்தால்? உண்மையைச் சொன்னால், அதற்கும் சிடிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரும்பாலானவர்களால் காதால் கண்டுபிடிக்க முடியாது. அப்படியானால் எதற்கு வேறு ஃபார்மட்? காரணம் பாதுகாப்பு. எம்பி3 தூக்கிப் போட்டதைத் திரும்பப் பெற வழியில்லை. நாளை வேறு ஃபார்மட்டுக்கு மாற்ற நினைத்தால் ஏற்கெனவே குறைந்ததிலிருந்து இன்னும் குறையும்.

இங்கேதான் ஃபிளாக் என்ற ஃபார்மட் வருகிறது. ஜிப் ஃபைலைப் போல, எதையும் இழக்காமல் சுருக்கி வைப்பது இது. விரித்தால் சிடியில் இருந்த ஒவ்வொரு பிட்டும் அப்படியே திரும்ப வரும். 2001-ல் இதன் முதல் முழு வடிவம் வெளிவந்தது. 2024 டிசம்பரில் இன்டர்நெட் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பும் இதை முறைப்படி ஆவணமாக வெளியிட்டது. யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். எந்த ஒரு நிறுவனம் மூடப்பட்டாலும் இது நிற்காது.

இடம் எவ்வளவு பிடிக்கும்? ஒரு மணி நேர சிடி சுருக்காமல் 635 மெகாபைட். ஃபிளாக்கில் பொதுவாக அதில் பாதியிலிருந்து முக்கால் பங்குக்குள் அடங்கும். சராசரியாக 400 மெகாபைட் என்று வைத்தால் 300 சிடிக்களுக்கு 120 ஜிகாபைட். இன்று விற்கும் மிகச் சிறிய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கிலேயே தாராளமாக அடங்கும்.

சிடியைப் பிரதி எடுப்பது எப்படி?

சிடியிலிருந்து பாட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவதை ‘ரிப்’ செய்வது என்பார்கள். இதை ஒரே முறைதான் செய்யப் போகிறீர்கள். அதனால் அவசரம் வேண்டாம்.

விண்டோஸில் இதற்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற சாப்ட்வேர் உள்ளது. வீட்டு உபயோகத்துக்கு இலவசம். கீறல் விழுந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, சரியான விடை கிடைக்கும் வரை முயலும். சாதாரண பிளேயர்கள் அந்த இடத்தை ஏதோ ஓர் ஒலியால் நிரப்பிவிட்டுப் போய்விடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

1. முதலில் சிடியைத் துடையுங்கள். மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்காதீர்கள். பெயர் அச்சிட்ட மேல்பக்கத்தையும் கவனமாகக் கையாளுங்கள். ஒலியைத் தாங்கும் பளபளப்பான படலம் அந்தப் பக்கத்துக்கு அடியில்தான் இருக்கிறது.

2. சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்து முதல்முறை திறந்ததும் சில கேள்விகள் கேட்கும். வேகமா, துல்லியமா என்ற கேள்விக்குத் துல்லியம் என்று பதில் கொடுங்கள். என்கோடராக ஃபிளாக்கைத் தேர்ந்தெடுங்கள்.

3. அக்யுரேட்ரிப் என்ற வசதியை ஆன் செய்யுங்கள். உலகம் முழுவதும் இதே சிடியைப் பிரதி எடுத்தவர்களின் சரிபார்ப்பு எண்கள் ஒரு டேட்டாபேஸில் உள்ளன. உங்கள் எண்ணும் அவர்கள் எண்ணும் ஒன்றாக இருந்தால் உங்கள் பிரதியில் பிழையில்லை என்று பொருள்.

4. தமிழ் சிடிக்கள் பல அந்த டேட்டாபேஸில் இருக்காது. கவலை வேண்டாம். ‘ஆக்‌ஷன்’ மெனுவில் ‘டெஸ்ட் அண்ட் காப்பி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பாட்டையும் இரண்டு முறை படித்து இரண்டு எண்களையும் ஒப்பிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ‘காப்பி ஓகே’ என்று வரும். நேரம் இரு மடங்காகும், ஆனால் நிம்மதி.

5. முடிவில் வரும் லாக் ஃபைலை அதே ஃபோல்டரில் சேமித்து வையுங்கள். எந்தப் பாட்டில் பிழை இருந்தது என்று பிறகு பார்க்க இது உதவும்.

நல்ல நிலையில் உள்ள சிடிக்குக் கால் மணி நேரம் முதல் அரை மணி நேரம் வரை ஆகலாம். கீறல் விழுந்தது என்றால் ஒரு முழு மாலையே போகும். அப்பா காப்பாற்றி வைத்த நாற்பது சிடிக்களை முடிக்க எனக்கு நான்கு வாரக் கடைசிகள் ஆயின. தினம் இரண்டு என்று வைத்துக் கொண்டால் சிரமமே தெரியாது.

நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சிடியை உங்கள் வீட்டில் கேட்பதற்காக மட்டும் இதைச் செய்யுங்கள். பிரதிகளை ஊருக்கு விநியோகிக்காதீர்கள்.

பெயர் வைப்பதில்தான் விஷயமே இருக்கிறது

பாட்டை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ‘டிராக் 01’, ‘டிராக் 02’ என்று ஆயிரம் ஃபைல்கள் இருந்தால் அது சர்வர் இல்லை, பரண். ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் பாட்டின் பெயர், பாடியவர், படம், இசையமைப்பாளர், ஆண்டு ஆகியவற்றை எழுதி வைக்க இடம் உண்டு. இதற்கு டேக் என்று பெயர். சர்வர் தேடுவது இந்த டேக்குகளைத்தான். ஃபைலின் பெயர் இரண்டாம்பட்சம்.

ஆங்கில சிடிக்களுக்கு இந்த விவரங்கள் இன்டர்நெட்டிலிருந்து தானாகவே வந்துவிடும். முன்பு இதற்குப் பயன்பட்ட ஃப்ரீடிபி என்ற சேவை 2020-ல் மூடப்பட்டது. இப்போது மியூசிக்பிரெய்ன்ஸ் உள்ளது. தமிழ் சிடிக்களுக்கு வரும் விவரங்களில் பிழைகள் அதிகம். எம்பி3டேக் என்ற இலவச சாப்ட்வேரில் நாமே திருத்திக் கொள்வதுதான் நல்லது. பெயரில்தான் எம்பி3, ஃபிளாக் ஃபைல்களையும் அது திருத்தும்.

தொடங்குவதற்கு முன்பே சில விதிகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக் கொள்ளுங்கள். என் விதிகள் இவை:

சினிமாப் பாட்டு என்றால் ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ இடத்தில் இசையமைப்பாளர், ‘ஆர்ட்டிஸ்ட்’ இடத்தில் பாடியவர்கள். இருவர் பாடியிருந்தால் நடுவில் அரைப்புள்ளி. ஒரே பெட்டியில் ஆர்ட்டிஸ்ட் என்று சில சமயம் இவரையும் சில சமயம் அவரையும் போட்டால் தேடும்போது பாதிப் பாட்டுகள் கிடைக்காது.

ஒரு பெயருக்கு ஒரே எழுத்துமுறை. ஆங்கிலத்தில் இளையராஜா என்ற பெயரை எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சர்வருக்கு அத்தனையும் வெவ்வேறு ஆட்கள். தமிழிலேயே எழுதிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. ஃபிளாக் டேக்குகள் யூனிகோடில் இருப்பதால் தமிழ் எழுத்துகள் எந்தச் சிக்கலும் இல்லாமல் தெரியும். 2000-களின் தொடக்கத்தில் பழைய தமிழ் எழுத்துருக்களில் டேக் எழுதிய எம்பி3-க்கள் உங்களிடம் இருந்தால் அவை கிறுக்கலாகத் தெரியும். அவற்றைப் புதிதாகத் தட்டச்சு செய்து விடுங்கள்.

இரண்டு மூன்று படங்களின் பாட்டுகளை ஒரே சிடியில் போட்டு விற்ற காலம் ஒன்று உண்டு. அவற்றை ஒவ்வொரு படத்துக்கும் தனி ஆல்பமாகப் பிரித்து விடுங்கள். தேடும்போது படத்தின் பெயர்தான் ஞாபகத்துக்கு வரும்.

கர்நாடக இசை என்றால் பாட்டின் பெயரோடு ராகத்தையும் சேர்த்து எழுதுங்கள். ‘வாதாபி கணபதிம் - ஹம்சத்வனி’ என்பதுபோல. இசையமைப்பாளர் இடத்தில் முத்துசுவாமி தீட்சிதர், ஆர்ட்டிஸ்ட் இடத்தில் பாடியவர். பிறகு ‘ஹம்சத்வனி’ என்று தேடினால் வீட்டில் உள்ள அத்தனை ஹம்சத்வனியும் வரிசையாக வந்து நிற்கும். இந்தச் சுகத்தை எந்த சிடி அலமாரியும் தராது.

இன்னொன்று, விண்டோஸில் ஃபைல் பெயரில் கேள்விக்குறி, கோலன் போன்றவை வரக்கூடாது. இளையராஜாவின் 1986 ஆல்பமான ‘ஹவ் டு நேம் இட்?’ பெயரிலேயே கேள்விக்குறி இருக்கிறது. ஃபைல் பெயரில் அதை விட்டுவிட்டு டேக்கில் மட்டும் எழுதிக் கொள்ளுங்கள்.

சர்வர் சாப்ட்வேர்

நான் பயன்படுத்துவது லிரியன் மியூசிக் சர்வர். இதன் கதையே ஒரு பாடம். 2001-ல் ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறிய அமெரிக்க நிறுவனம் நெட்வொர்க் மூலம் பாட்டு வாசிக்கும் கருவியை விற்றது. 2006-ல் லாஜிடெக் அந்த நிறுவனத்தை வாங்கியது. ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற பெயரில் வந்த அந்தக் கருவிகளின் தயாரிப்பு 2012-ல் நிறுத்தப்பட்டது. 2024-ல் அவற்றுக்கான ஆன்லைன் சேவையும் மூடப்பட்டது. ஆனால் சர்வர் சாப்ட்வேர் ஓப்பன் சோர்ஸாக இருந்ததால் ஆர்வலர்கள் அதைத் தொடர்ந்து வளர்த்தார்கள். லிரியன் என்ற பெயர் 2024-ல்தான் வந்தது. கருவி போனாலும் நிறுவனம் விலகினாலும், திறந்த சாப்ட்வேரும் திறந்த ஃபார்மட்டும் நம்மோடு இருக்கும்.

1. சர்வராகப் போகும் கம்ப்யூட்டரில் லிரியனை டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்டால் ‘பிரைவேட் நெட்வொர்க்’ என்பதற்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

2. பிரௌசரில் localhost என்பதற்கு நிகரான 127.0.0.1:9000 என்று டைப் செய்யுங்கள். பாட்டு எந்த ஃபோல்டரில் உள்ளது என்று கேட்கும். காட்டிவிட்டால் எல்லா டேக்குகளையும் படித்துப் பட்டியல் தயாரித்துவிடும்.

3. செட்டிங்ஸில் ஒரே டேக்கில் பல பெயர்களைப் பிரிக்கும் குறியாக அரைப்புள்ளியைக் கொடுங்கள்.

4. அதே கம்ப்யூட்டரிலிருந்து ஒலி வரவேண்டும் என்றால் ஸ்குவீஸ்லைட்-எக்ஸ் என்ற பிளேயரையும் போடுங்கள். மைக்ரோசாப்ட் ஸ்டோரில் கிடைக்கும். படுக்கையறையில் ராஸ்பெரி பை வைக்க விரும்பினால் அதில் பைகோர்பிளேயர் போடலாம். இரண்டு அறைகளிலும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் ஒலிக்க வைக்கவும் வசதி உண்டு.

5. செல்போன் பிரௌசரில் சர்வரின் ஐபி முகவரியையும் 9000-ஐயும் கொடுங்கள். உதாரணமாக 192.168.1.20:9000. மெட்டீரியல் ஸ்கின் என்ற பிளகினைப் போட்டால் செல்போன் திரைக்கு ஏற்றபடி அழகாக வரும். ரூட்டரின் செட்டிங்ஸில் இந்த ஐபி முகவரி மாறாதபடி செய்து விடுங்கள். இல்லையென்றால் ஒருநாள் திடீரென்று சர்வர் காணோம் என்று வீட்டில் கூப்பாடு எழும்.

6. பவர் செட்டிங்ஸில் ஸ்லீப் என்பதை ‘நெவர்’ என்று மாற்றுங்கள்.

வெளியூரிலிருந்தும் கேட்கலாமே என்று ரூட்டரில் போர்ட்டைத் திறந்து விடாதீர்கள். இந்தச் சர்வர் வீட்டுக்குள் இருக்க வேண்டியது.

ஒலி வெளியே வரும் வழி

ஃபைலில் இருப்பது வெறும் எண்கள். அவற்றை மின்னலையாக மாற்றும் வேலையைச் செய்வது டாக். எல்லாக் கம்ப்யூட்டரிலும் இது உள்ளேயே உண்டு. ஆனால் உள்ளே உள்ள மின்சுற்றுகளின் இரைச்சலையும் அது சேர்த்துக் கொள்ளலாம். மவுஸை நகர்த்தும்போது ஸ்பீக்கரில் ‘கிர்’ என்று கேட்டால் இதுதான் காரணம். அப்படிக் கேட்டால் ஒரு யுஎஸ்பி டாக் வாங்குங்கள். சில ஆயிரம் ரூபாயில் நல்லதே கிடைக்கும். எந்த இரைச்சலும் கேட்கவில்லை என்றால் அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். ஒலியில் பெரிய வித்தியாசத்தைத் தருவது ஸ்பீக்கரும் அதை வைக்கும் இடமும்தான். இரண்டு ஸ்பீக்கர்களும் நீங்களும் ஒரு சமபக்க முக்கோணமாக இருந்து, சிறிய ஸ்பீக்கர் காதின் உயரத்தில் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

விண்டோஸ் சவுண்ட் பிராப்பர்ட்டீஸில் ‘அட்வான்ஸ்டு’ பகுதிக்குப் போய் ‘எக்ஸ்க்ளூசிவ் மோட்’ அனுமதியை டிக் செய்து, பிளேயரிலும் அதைத் தேர்ந்தெடுங்கள். பாட்டு விண்டோஸின் மிக்ஸரில் மாறாமல் நேராக டாக்குக்குப் போகும். ஆம்ப்ளிஃபயருக்கு ப்ளூடூத் வேண்டாம், ஒயர் போடுங்கள். ப்ளூடூத் பொதுவாக ஒலியைத் திரும்பவும் எம்பி3 போலச் சுருக்கித்தான் அனுப்புகிறது.

லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் கேட்டால் அது பெரும்பாலும் எர்த் இணைப்பின் சிக்கல். அதற்காக எர்த் பின்னை உடைத்து விடாதீர்கள். டாக்கிலும் ஆம்ப்ளிஃபயரிலும் ஆப்டிகல் இணைப்பு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஒளியாகப் போகும் பாதையில் மின்சார ரீங்காரம் தாண்டாது.

கேசட்டுகளையும் விட வேண்டாம்

டேப்ரெக்கார்டரின் லைன்-அவுட்டை கம்ப்யூட்டரின் லைன்-இன் துளையில் செருகுங்கள். டெஸ்க்டாப்பில் இது நீல நிறத் துளை. இளஞ்சிவப்பு நிறத் துளை மைக்குக்கானது, அதில் போட்டால் ஒலி கொரகொரக்கும். ஹெட்டைத் தூய்மையான ஐசோபுரோப்பில் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து உலர விடுங்கள். கேசட்டை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிவிடுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரில் மிக உரத்த இடம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவு வைத்துப் பதிவு செய்யுங்கள். இரைச்சலை நீக்க ஆசைப்பட்டால் நகலில் மட்டும் நீக்குங்கள். நீக்காத மூலப் பதிவைத் தனியாக வையுங்கள்.

மூன்று பிரதிகள்

இனி முக்கியமான பகுதி. இதைப் படிக்காமல் விட்டால் மேலே படித்தது எல்லாம் வீண்.

மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரண்டு வகைப் பொருள்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். சர்வரில் உள்ளது ஒன்று. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இரண்டு. சிடிக்களே வேறு வகைப் பொருள் என்பதால் அவற்றையும் எறியாதீர்கள். ஃப்ரீஃபைல்சிங்க் போன்ற இலவச சாப்ட்வேர், புதிதாகச் சேர்ந்தவற்றை மட்டும் கண்டுபிடித்துப் பிரதி எடுக்கும். எடுத்து முடித்ததும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்து விடுங்கள். எப்போதும் செருகியே இருந்தால் ஒரே மின்னலில் அல்லது ஒரே வைரஸில் இரண்டும் போகும்.

வீட்டுக்கு வெளியே எதற்கு? 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தள வீடுகளுக்கு என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். என் மூன்றாவது பிரதி ஊரில் அத்தை வீட்டு பீரோவில் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதுப்பிக்கிறேன். அப்போதே சோதித்தும் பார்க்கிறேன். ஒவ்வொரு ஃபிளாக் ஃபைலுக்குள்ளும் அதன் ஒலிக்கான சரிபார்ப்பு எண் ஒன்று உண்டு. ஃபூபார்2000 போன்ற பிளேயர்களில் அதை வைத்து ஃபைல் கெட்டிருக்கிறதா என்று சோதிக்கலாம்.

சில சந்தேகங்கள்

என்னிடம் உள்ள எம்பி3-க்களை ஃபிளாக்காக மாற்றினால் தரம் கூடுமா?

கூடாது. இடம்தான் கூடுதலாகப் பிடிக்கும். எம்பி3-யாகவே வைத்திருங்கள். லிரியன் இரண்டையும் வாசிக்கும்.

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்றெல்லாம் சொல்கிறார்களே?

சிடியில் இருப்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காதின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸுக்கு அது போதும். சிடியை அதற்கு மேல் மாற்றி வைப்பதால் புதிதாக எதுவும் கிடைக்காது. கேசட் பதிவுக்கு மட்டும் 24 பிட் வைத்துக் கொள்ளுங்கள், அளவு வைப்பதில் தவறினாலும் பிறகு சரிசெய்ய இடம் இருக்கும்.

கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கும் இடத்தில் ஒரு கணம் நிற்கிறதே?

பல சிடிக்களில் தனி ஆவர்த்தனம் தனி டிராக்காக இருக்கும். எம்பி3-யில் டிராக்குகளுக்கு நடுவே சிறு இடைவெளி விழுவது சகஜம். ஃபிளாக்கில், இடைவெளியின்றி வாசிக்கும் பிளேயரில் அது வராது.

கடைசியாக

அந்தக் கல்யாணக் கேசட் 2022-ல் ஊர் வீட்டுப் பரணில் கிடைத்தது. நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சு உதிர்ந்திருந்தது. நான்கு திருகுகளைக் கழற்றி நாடாவை வேறொரு கேசட் கூட்டுக்கு மாற்றியதும் ஓடியது. நாதஸ்வரத்துக்கு நடுவே யாரோ பந்திக்குக் கூப்பிடுகிற குரலும் பதிவாகியிருக்கிறது. அதை நீக்கவில்லை. அது பெரியப்பா குரல் என்று அப்பா சொன்னார். அவர் இப்போது இல்லை.

போன சிடிக்களில் முப்பது வரை பழைய சிடி விற்பவர்களிடம் தேடி மறுபடி வாங்கிவிட்டேன். மற்றவை இன்னும் கிடைக்கவில்லை. இப்போது அப்பா செல்போனில் தேடித் தேடிப் பாட்டுப் போடுகிறார். சர்வரைக் காட்டிய அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ‘இந்தத் தடவை பெட்டியைத் தூக்கிப் போட மாட்டேல்ல?’

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு சிடியோடு ஆரம்பியுங்கள். எங்கும் மறுபடி கிடைக்காத பதிவு எதுவோ, அதுவே முதலாவதாக இருக்கட்டும்.